மிச்சக் கால் சுடுது

அந்தப் பள்ளியில் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. நம்பர்தான். சட்டையில் ஊசி குத்திய துணிச்சீட்டு, அதில் கொட்டை எழுத்தில் எண். காலையில் வருகை எடுக்கும்போது "ஒன்னு" என்றால் ஒருத்தி எழுந்து "வந்தேன் டீச்சர்" என்பாள். "ரெண்டு" என்றால் அடுத்தவன் எழுவான். இருபத்திரண்டு வரைக்கும் இப்படியே. தண்ணீர் குடிக்கப் போவதும் நம்பர்படி, ஒன்றுக்குப் போவதும் நம்பர்படி. பன்னிரண்டுக்கு அவசரம் என்றாலும் பதினொன்று போய்த் திரும்புகிறவரை காலை இறுக்கிக்கொண்டு நிற்கவேண்டும். ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு.

கண்ணாடி அறுக்கும் கடைக்கு மேலே மூன்று அறைகள், ஒரு குறுகல் மாடிப்படி, படி முடிகிற இடத்தில் பிள்ளைகளின் செருப்புக் குவியல். அவ்வளவுதான் அந்த மழலையர் பள்ளி. நடத்துகிறவர் பெரிய டீச்சர். இருபத்தெட்டு வருட அனுபவம். அவரிடம் ஒரு வருடம் உட்கார்ந்த பிள்ளை நூறு வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லும், கட்டம் தாண்டாமல் எழுதும். பெற்றவர்களுக்கு அதுதான் கணக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று யாரும் கேட்டதில்லை, சுரைக்காய் அவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தது.

கீழ் வகுப்பு பன்னிரண்டு மணியோடு முடியும். மேல் வகுப்பு மூன்றரை வரை. மேல் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்று பெரிய டீச்சருடையது. இன்னொன்று, இரண்டு மாதத்துக்கு முன்பு வேலைக்கு வந்த சின்ன டீச்சருடையது.

சின்ன டீச்சருக்கு வாய் நீளம். அவள் பரம்பரையில் முதல் பட்டதாரி. அதற்கு முன் அந்த வீட்டில் இருந்த பட்டமெல்லாம் நூல் கட்டி விட்டதுதான். அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். கல்லூரியில் படித்த காலம் முழுக்க "இதெல்லாம் உங்க வீட்டுல யாருக்குப் புரியும்" என்று கேட்டுக் கேட்டு, கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் நிற்காமல் மூக்கு முழுக்கவே குடியேறியிருந்தது.

அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை பெரிய டீச்சர் ஒரு பொத்தான் டப்பாவோடு அவள் அறைக்கு வந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது. அதில் ஒரு வரி: சொன்ன எண்ணிக்கையில் பொருள்களைப் பிள்ளை எடுத்துத் தருகிறதா? தன் பிரிவுக்கு அவர் ஒரு பொத்தானைக்கூடத் தொடாமல் வரிசையாக "ஆம்" போட்டிருந்தார். தன் பிள்ளைகளைத் தனக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. சோதிக்கவேண்டியது புதுசாக வந்தவளின் வகுப்பைத்தான்.

கூப்பிட்ட ஐந்தாறு பேர் தட்டுத் தடுமாறிக் கரையேறினார்கள். பிறகு ஏழாம் நம்பரின் முறை வந்தது. ஏழு ஒல்லியான சிறுமி. முன்பல் இரண்டும் விழுந்த வாய். நூறு வரைக்கும் சொல்லச் சொன்னார். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினாள்.

"இப்ப இதுல ஏழு எடுத்துக் குடு."

சிறுமி பொத்தான்களை வரிசையாக அடுக்கினாள். ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஏழாவதில் நின்றாள். அந்த ஒற்றை நீலப் பொத்தானை மட்டும் எடுத்துப் பெரிய டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு, சாதித்துவிட்ட சிரிப்பு வேறு.

மறுபடி கேட்டார். மறுபடியும் அதே நீலப் பொத்தான். தரையில் மொத்தம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். முடிந்ததும், "சரி, எத்தனை?" என்றார். திரும்பவும் ஒன்று, இரண்டு.

பெரிய டீச்சர் டப்பாவை மூடினார். "இதுக்குக் கணக்கு ஏறாது. நாளையிலிருந்து கீழ் வகுப்புல உக்கார வை."

"நூறு வரைக்கும் சொல்றாளே, டீச்சர்."

"சொல்றது வேற, தெரியறது வேற."

"ரெண்டு மாசமா நானும் அதைத்தானே சொல்றேன். நோட்டுல எழுத வைக்கிறதை நிறுத்துங்கன்னா நீங்கதான் கேக்கலை."

 பெரிய டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சரி, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை திரும்ப வந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்றைக்குத் தேறாவிட்டால் மறு வார்த்தை பேசக்கூடாது, பிள்ளை கீழ் வகுப்புக்கு.

அன்று மூன்றரைக்கு ஏழின் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் கொடுத்து எடுக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெந்து வழவழவென்று இருந்தன. சேதி கேட்டதும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பன்னெண்டு மணிக்கு விட்டா நான் இவளை எங்க கொண்டு போய் நிறுத்துவேன் டீச்சர்? எனக்கு மூணு மணி வரைக்கும் ஷிஃப்ட்டு. நடுவுல போறவங்க அப்படியே போயிடுங்கன்னு சூப்பர்வைசர் சொல்லி வெச்சிருக்காரு. இந்த வேலையும் போச்சுன்னா…" என்று இழுத்தாள். பிறகு, ஏதோ தன் மேல்தான் தப்பு என்கிற மாதிரி, "வீட்ல நல்லாச் சொல்லுவா டீச்சர். பக்கத்து வீட்டுல எல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வெச்சுக் கேப்பாங்க" என்றாள்.

"மாசக் கடைசி வரைக்கும் ஒன்னும் ஆகாது அக்கா. நான் பாத்துக்கறேன்" என்று சின்ன டீச்சர் வாயைக் கொடுத்துவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அவளுக்கே தெரியாது.

அன்று மாலை பழைய மாதக்காட்டித் தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு கதை வரைந்தாள். ஓர் ஊரில் ஒரு நாள் தரையெல்லாம் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. யாராலும் கால் வைக்க முடியவில்லை. ஊரிலேயே ஒரே ஒரு செருப்புக் கடை. கடைக்காரர் ஆமை. கோழி வருகிறது, பூனை வருகிறது, வண்டு வருகிறது. எட்டுக்கால் பூச்சி வருகிறது. ஆமை தூக்கக் கலக்கத்தில் அதற்குச் செருப்பைக் குறைத்துக் கொடுத்துவிட, பாதி வழியில் அது நொண்டி அடித்துக்கொண்டு திரும்பி வருகிறது: மிச்சக் கால் சுடுது, மிச்சக் கால் சுடுது.

அப்பாவிடம் கிடங்கிலிருந்து காலி அட்டைப் பெட்டி வேண்டும் என்றாள். மறுநாளே முதுகில் கட்டிச் சுமந்து வந்தார். பெட்டிகளைப் பிரித்து அவள் அட்டையில் பாதம் பாதமாக வரைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அம்மாடி, உன்னை நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்புனது பூச்சிக்குச் செருப்பு தைக்கவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பூனையின் பின்னங்கால் கோணலாக இருக்கிறது என்று குறையும் சொன்னார்.

கதை முதல் நாளே பற்றிக்கொண்டது. மாடிப்படிக் குவியலிலிருந்து அந்த வகுப்பின் நாற்பத்து நாலு செருப்பும் அறைக்குள் வந்தன. அதுதான் கடைச் சரக்கு. வாடிக்கையாளர் ஆளுக்கொரு அட்டையை விரித்து முன்னால் உட்காரவேண்டும். கோழி அட்டையில் இரண்டு பாதம், பூனை அட்டையில் நாலு, வண்டுக்கு ஆறு, எட்டுக்கால் பூச்சிக்கு எட்டு. பாதத்தின் மேல் செருப்பு வந்து உட்காரவேண்டும். வராத பாதம் சுடும். சுட்டால் கத்தலாம். கத்தலாம் என்று ஒரு டீச்சர் அனுமதித்தது அந்தப் பள்ளியின் வரலாற்றிலேயே முதல் தடவை.

ஏழு கடைக்காரியானாள். எட்டுக்கால் பூச்சிக்கு எட்டு செருப்பு கொண்டுவா என்றாள் சின்ன டீச்சர். சிறுமி செருப்பு வரிசையில் விரல் வைத்துத் தொட்டுக்கொண்டே போனாள். எட்டாவதாக இருந்த சிவப்பு வார் செருப்பை மட்டும் எடுத்து வந்து நீட்டினாள். எட்டுக்கால் பூச்சி தரையில் புரண்டு கத்தியது.

"எட்டு எங்கடி?" என்று சின்ன டீச்சரின் குரல் உயர்ந்துவிட்டது.

"இதான் டீச்சர் எட்டு." ஏழுக்கு உதடு பிதுங்கியது. சிவப்புச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதுக்கு முன்னால இருந்தது ஏழு. ஏழு நான்தானே. நான் ஒருத்திதானே இருக்கேன்."

சின்ன டீச்சருக்குச் செருப்பாலேயே அடித்த மாதிரி இருந்தது. இடமும் பொருத்தமாகத்தான் இருந்தது, அறை முழுக்கச் செருப்பு.

இவளுக்குக் கணக்கு ஏறவில்லை என்று யார் சொன்னது? ஏறியதுதான் வினை. வருடம் முழுக்க, தினம் காலையில், ஏழு என்றால் ஒரு ஆள் எழுந்து நின்றால், ஏழு என்பது ஒரு ஆள்தான். எட்டு என்பது அவளுக்கு அடுத்து நிற்கிறவன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எண் என்றால் என்ன என்பதை இந்தப் பள்ளி தலைகீழாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது, பிள்ளையும் ஒரு எழுத்து பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் நின்று கூப்பிட்டது யார்? வேறு யார், இவளேதான். ஊரைத் திட்டவே தயாராக வைத்திருந்த வாய்க்கு அன்று தன்னைத் திட்டவே நேரம் போதவில்லை.

கதவு நிலையில் இருபத்திரண்டு ஆணி அடித்தாள். இனிமேல் உள்ளே வரும்போது எல்லோரும் நம்பரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடவேண்டும். கடைக்குள் நம்பருக்கு வேலை கிடையாது. உள்ளே பூனை உண்டு, வண்டு உண்டு, கோழி உண்டு. ஏழு ஆமையானாள். நாமும் இனி அவளை ஆமை என்றே சொல்வோம்.

முதல் வாரம் ஆமை ஒவ்வொரு செருப்பாகத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எட்டுக்கால் பூச்சிக்கு எட்டு நடை. ஒரு செருப்பு, ஒரு பாதம், அடுத்த செருப்பு, அடுத்த பாதம். எண்ணவே இல்லை. சின்ன டீச்சரும் எண்ணச் சொல்லவில்லை. சரியா தப்பா என்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாடிக்கையாளர் இருந்தார்களே. ஒரு பாதம் காலியாக இருந்தால் போதும், கூரை பறக்கும். கீழேயிருந்து கண்ணாடிக் கடைக்காரர், மேலே யாரையாவது அறுக்கிறீர்களா, அது என் தொழிலாயிற்றே என்று குரல் கொடுப்பார்.

இரண்டாம் வாரம் கடையை அறையின் மறு கோடிக்கு மாற்றினாள். சட்டமும் மாறியது: ஒரே நடையில் கொண்டுவரவேண்டும். ஆமை வந்து எட்டுக்கால் பூச்சியின் அட்டையைப் பார்த்தாள், போனாள், பாவாடை மடியில் அள்ளி வந்தாள். ஐந்து. கத்தல். அடுத்த தடவை பத்து. இரண்டு செருப்பு அநாதையாக நின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆமை வெகு நேரம் பார்த்தாள்.

நடுவில் பாம்பு ஒன்று வந்து சேர்ந்தது. காலே இல்லாதவர் எதற்குச் செருப்புக் கடைக்கு வந்தார் என்று பூனை கேட்டது. சும்மா பார்க்க வந்தேன் என்றது பாம்பு. ஆமை கடைக் கோடி வரைக்கும் மரியாதையாக நடந்துபோய், வெறும் கையோடு நடந்து வந்து, "உங்களுக்குக் குடுத்தாச்சு, போயிட்டு வாங்க" என்றாள். அறை சிரித்துத் தீர்க்க ஐந்து நிமிடம் ஆனது. பூஜ்ஜியத்துக்குச் சின்ன டீச்சர் தனியாகப் பாடம் எடுக்கவேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் வாரம் பெற்றவர்கள் சிலர் பெரிய டீச்சரிடம் நோட்டைத் தூக்கிக் காட்டினார்கள். மூன்று வாரமாக வெள்ளை வெளேரென்று இருந்தது. படிக்க அனுப்பினால் செருப்பு விற்கவா கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். பெரிய டீச்சர் அதை அப்படியே கொண்டுவந்து சின்ன டீச்சர் முன் வைத்தார். எண்ணத் தெரியாமல் செருப்புகூட விற்கமுடியாது என்றாள் இவள். வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று பெரிய டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கீழ் வகுப்பில் ஒரு பாய் விரித்து வைத்திருந்தது தெரிந்தது.

புதன்கிழமை இரண்டு பூனைகள் சேர்ந்து கடைக்கு வந்தன. ஆமை இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைக்குப் போனாள். உதடு அசைந்தது. ஒரே மடியில் கொண்டுவந்து கொட்டினாள். ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட மீறவில்லை.

"ரெண்டு பூனை வந்தா எட்டுக்கால் பூச்சி வந்த மாதிரிதான், டீச்சர். அதே எட்டுதான் போகுது" என்றாள், சலித்துப்போன கடைக்காரி மாதிரி.

சின்ன டீச்சர் அழுகிற ரகம் இல்லை. மாடிப்படிக்குப் போய் ஒரு நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் பொத்தான் டப்பாவோடு வந்து நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏழு, வா."

யாரும் எழவில்லை. இன்னொரு தடவை, சத்தமாக. ஆமை சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, உதவி செய்யும் எண்ணத்தில், "ஏழு இங்க இல்ல டீச்சர். ஆணியில தொங்குது" என்றாள்.

பெரிய டீச்சர் சின்ன டீச்சரை முறைத்த முறைப்பில் கீழ்க் கடையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். ஆமையை முன்னால் வரச் சொல்லி, பொத்தான்களைத் தரையில் கொட்டினார். "இதுல ஏழு எடுத்துக் குடு."

ஆமை குனிந்தாள். நிமிர்ந்தாள். "யாருக்கு?" என்றாள்.

"யாருக்குன்னா? எனக்குத்தான்."

ஆமை நாற்காலிக்குக் கீழே பெரிய டீச்சரின் கால்களைப் பார்த்தாள். இரண்டு பொத்தானை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

சின்ன டீச்சருக்கு படிக்கட்டில் உட்கார்ந்த அந்த அம்மாவின் வெந்த விரல்கள் கண் முன்னால் வந்தன. பெரிய டீச்சர், போன தடவை ஒன்று, இந்தத் தடவை இரண்டு, முன்னேற்றம்தான் என்று படிவத்தை எடுத்தார்.

"அவ உங்க காலைப் பாத்துக் குடுத்தா. நீங்க எனக்குன்னு சொன்னீங்க" என்றாள் சின்ன டீச்சர்.

"எனக்குன்னா எனக்கு வேணும்னு அர்த்தம். ஏழு வேணும். ஏழு."

ஆமைக்கு விஷயம் இப்போதுதான் விளங்கியது. கிழவி மாதிரி இடுப்பில் கை வைத்தாள். "ஏழு வேணும்னா ஏழு குடுக்கறேன். ஆனா ஏழு கால் யாருக்கும் இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்தாள். வரிசையாக அடுக்கவில்லை. எது முதலில் என்று பார்க்கவில்லை. மடியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். நிறுத்தினாள். எழுந்து வந்து பெரிய டீச்சரின் கையில் மொத்தமாகக் கவிழ்த்தாள்.

"ஏழு. எட்டுக்கால் பூச்சி வந்தா ஒன்னு பத்தாது. இப்பவே சொல்லிட்டேன்."

பெரிய டீச்சர் எண்ணிப் பார்த்தார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு மிச்சப் பொத்தான்களை ஓரமாக ஒதுக்கி, அவள் கொடுத்ததை மட்டும் தரையில் போட்டு, கையால் நன்றாகக் கலைத்து, தள்ளித் தள்ளி விரித்துவிட்டு, "இப்ப எத்தனை?" என்றார்.

ஆமை தரையைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏழுதான். நீங்க கலைச்சீங்க. எடுக்கலையே."

பின்வரிசையில் கோழி கைதட்டியது. அதைப் பார்த்துப் பூனையும் வண்டும் தட்டின.

பெரிய டீச்சர் சுலபத்தில் விடுகிறவர் இல்லை. இது என்ன பெரிய வித்தை, யார் வேண்டுமானாலும் செய்வார்கள் என்று பக்கத்து அறையிலிருந்து தன் தங்கத்தைக் கூப்பிட்டு வரச் சொன்னார். தங்கம் என்பது அவர் பிரிவின் முதல் பிள்ளைக்கு அவர் வைத்த செல்லப்பேர். இருநூறு வரைக்கும் சொல்லும், நூறிலிருந்து தலைகீழாகவும் சொல்லும். ஆண்டு விழாவில் மேடையில் ஏற்றிச் சொல்ல வைத்த பிள்ளை.

"தங்கம், இதுல ஏழு எடுத்துக் குடும்மா."

தங்கம் பொத்தான்களை அழகாக, ஒரே இடைவெளியில், வரிசையாக அடுக்கினாள். தெளிவான குரலில் ஒன்று, இரண்டு என்று தொட்டுக்கொண்டே போனாள். ஏழாவதில் நின்றாள். ஒரே ஒரு மஞ்சள் பொத்தானை எடுத்து நீட்டினாள்.

 பெரிய டீச்சரின் நீட்டிய கை அப்படியே நின்றது. படிவத்தில் அவர் வரிசையாகப் போட்ட "ஆம்"கள் எல்லாம் மடியிலிருந்து அவரையே பார்த்தன.

ஆமை தங்கத்தின் பக்கத்தில் போய், கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவளிடம் சொல்கிற மாதிரி, கேலியில்லாமல் சொன்னாள்: "அது ஒரு கால்தான். மிச்சக் கால் சுடும்ல?"

சின்ன டீச்சரிடம் சொல்ல நூறு வார்த்தை இருந்தது. மூன்று வாரமாகக் கூர் தீட்டி வைத்தவை.  சொல்லவேண்டியதை ஐந்து வயது வாய் சொல்லி முடித்துவிட்டது.

பெரிய டீச்சர் எழுந்தார். படிவத்தில் ஆமைக்கு நேரே "ஆம்" என்று எழுதினார். தன் பிரிவுக்கு எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். போகும்போது கதவு நிலையில் தொங்கிய சீட்டுகளை ஒரு தடவை பார்த்தார். "அந்த அட்டையெல்லாம் திங்கக்கிழமை என் ரூமுக்கும் வேணும்" என்றார், உத்தரவு போடுகிற அதே குரலில்.

"இது என் பிள்ளைங்களுக்கு. உங்களுக்கு வேற பெட்டி கொண்டு வரச் சொல்றேன்" என்றாள் சின்ன டீச்சர். ஒரு மூச்சு நிறுத்தி, "ஆணியும் வேணும்னா சொல்லுங்க. நானே வந்து அடிச்சுத் தரேன்" என்றாள்.

பெரிய டீச்சர் கதவு நிலையை விரலால் தட்டிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்றரைக்கு ஆமையின் அம்மா படியேறி வந்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தாள்.  சின்ன டீச்சருக்கு நல்ல சேதியை நயமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க அக்கா. மூணு மணி வரைக்கும் நீங்க எங்கயும் போறதா இல்லைன்னு."

அம்மா அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். புரிந்ததும் சின்ன டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  வெந்து வழவழத்த விரல்கள், நல்ல பிடி.

படி முடிகிற இடத்தில் ஆமை செருப்புக் குவியலுக்கு நடுவே நின்று வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஜோடி தேடி எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் போனபிறகு தன்னுடையதை மாட்டிக்கொண்டாள். அம்மா கழற்றிப் போட்டிருந்ததைத் தூக்கி வந்து அவள் காலடியில் வைத்தாள்.

"உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. மொத்தம் ஒரு பூனை" என்றாள். "வா, போலாம்."

கீழே கண்ணாடிக் கடையில் சாத்தி வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியில் அந்தப் பூனை நாலு காலும் தரையில் பட நடந்து போனதைச் சின்ன டீச்சர் மாடிப்படியிலிருந்து கடைசிவரை பார்த்தாள்.